ஈரத்தோடு மடக்கிய குடை

சத்தியம், சத்தியம், சத்தியம்! தெருமுனை வரை கேட்கிற மாதிரி மூன்று தரம் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன். என் இஸ்திரிப்பெட்டி மேல் சத்தியம், அதற்குள் கனன்றுகொண்டிருக்கிற கொட்டாங்குச்சிக் கரி மேல் சத்தியம், இன்னும் ஆடாமல் மிச்சமிருக்கிற என் நாலு பல் மேல் சத்தியம். இதில் ஒரு சொல் பொய் என்றால் நாளைக் காலையில் நான் தேய்க்கிற முதல் வெள்ளைச் சட்டையில், அதுவும் மாப்பிள்ளைச் சட்டையாக இருந்து, முதுகுக்கு நடுவில் பெட்டியளவு பழுப்புத் தடம் விழட்டும். இதற்கு மேல் ஒரு இஸ்திரிக்காரன் எதன் மேல் சத்தியம் செய்வான், சொல்லுங்கள்.

அந்த வருஷம் ஐப்பசி பிறந்த அன்று பிடித்தது மழை. படித்தவர்கள் கூதிர்காலம் என்பார்கள், ரேடியோவில் வடகிழக்குப் பருவமழை என்பார்கள், சீர்காழி உப்பனாற்றங்கரைத் தெருவில் எங்களுக்கு அது துணி காயாத காலம். பெய்தது, பெய்தது, விடிந்தும் பெய்தது, விளக்கு வைத்தும் பெய்தது, உப்பு தண்ணீராயிற்று, தீக்குச்சி களியாயிற்று, அப்பளம் துணியாயிற்று, கதவெல்லாம் ஊதிப்போய் சாத்தினால் திறக்கவில்லை, திறந்தால் சாத்தவில்லை, வீட்டுக்கு வீடு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி, அதில் தொங்குகிற சட்டைக்கும் பாவாடைக்கும் அடியில் குனிந்து குனிந்து நடந்து குடும்பம் குடும்பமாகக் கூன் விழுந்து, வெளியே போக வழியில்லாததால் இருக்கிற ஒரு கூடத்தில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை ஈரத்தில் எதுதான் காயும்? ஒன்பது நாள் வரை துணி மட்டும் காயவில்லை. பத்தாம் நாள் பேச்சும் காயவில்லை.

முதலில் பார்த்தது அபயாம்பாள் டீச்சர். அவர் வீட்டுக் கொடியில் துண்டுக்கும் பாவாடைக்கும் நடுவில் யாரும் போடாத ஒன்று தொங்கியது. தேய்த்த அப்பள வட்டம் போல மெல்லிசு, நிறம் கிடையாது, தொட்டால் சில்லென்று ஈரம். அடுப்படித் துணி என்று நினைத்து டீச்சர் அதை எடுத்துப் பிழிந்தார். அது அவர் வீட்டுக்காரர் குரலில், கொஞ்சம் ஜலதோஷம் பிடித்த மாதிரி, "ரசம் இன்னிக்கு ஜோரு" என்றது. டீச்சர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு கொடியில் தொங்கிய அதிர்ச்சி இல்லை அது. முப்பத்தொரு வருஷமாக இந்த மனுஷன் என் சமையலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தவர் அவர். வீட்டுக்காரரைக் கேட்டால், "தினம் சொல்றேனே, கை கழுவறப்போ," என்கிறார். தினமும் சொல்லியிருக்கிறார், தினமும் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்தில் போயிருக்கிறது. மறுநாள் டீச்சரே வந்து இதை என்னிடம் சொன்னார், சத்தியம்.

இரண்டே நாளில் தெருவுக்கு அதன் லட்சணமெல்லாம் தெரிந்துவிட்டது. பிழிந்தால் பேசும், பிழியப் பிழிய ஈரம் குறையும், ஈரம் போய்விட்டால் அவ்வளவுதான், விரலுக்கு நடுவில் ஒன்றுமே இருக்காது. புதுசு என்றால் நாலைந்து பிழிக்குத் தாங்கும். கோபத்தில் சொன்னது சாயம் போகும், பக்கத்தில் தொங்குகிற வெள்ளை வேட்டியில் காவி ஏறிவிடும், அதைத் தனிக் கொடியில் போட வேண்டும். வெறும் 'ம்' மட்டும் சொல்கிற ஆண்பிள்ளைகள் வீட்டில் கொடி நிறையச் சின்னச் சின்னதாய், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாக்ஸ் மாதிரித் தொங்கியது. பொட்டிக்கடையில் கிளிப்பு தீர்ந்துபோய் சிதம்பரத்திலிருந்து வரவழைத்தார்கள். பொண்ணு பார்க்க வந்தவர்கள் ஜாதகத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணால் கொடியை அளந்தார்கள். ஒரு வீட்டில் சாயத்தைப் பார்த்துவிட்டு காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

அதிசயத்தைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை, மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கிறது, செருப்பில் காளான் முளைக்கிறது, இதுவும் அந்த மாதிரி ஒன்று. எங்களைத் தூக்கிவாரிப்போட்டது வேறே. வெள்ளம் பார்க்க வந்த ஒரு பெரிய மனுஷர் முழங்கால் தண்ணீரில் நின்று முக்கால் மணி நேரம் பேசினார், தாய் என்றார், தெய்வம் என்றார், உயிர் என்றார். அவர் போன பிறகு ஓடி ஓடித் தேடினோம், அத்தனை மழையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை, எல்லாம் வாயை விட்டு வரும்போதே காய்ந்துவிட்டது. ஆனால் "குடை எடுத்தியா", "இன்னும் ஒரு வாய் வெச்சுக்க", "வாசப்படி வழுக்கும், பாத்து" — இதெல்லாம் தண்ணீர் குடித்த மெத்தை மாதிரிக் கனத்து, கொடியை நடுவில் அறுந்து விழ வைத்தது. எது கனம் எது லேசு என்று இத்தனை வயசு வரை தலைகீழாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோமே என்று தெருவே தலையில் அடித்துக்கொண்டது. போனில் அந்தப் பக்கத்திலிருந்து வருவது தங்காது என்பது அதற்கு அடுத்த அடி. மகன் சவூதியில் இருக்கிற ரஹ்மத்தும்மா வீட்டுக் கொடியில் ஒரு பக்கத்துப் பேச்சு மட்டும் வரிசையாகத் தொங்கியது: சாப்டியாப்பா, என்ன கொழம்பு, நீயேவா வெச்சே. நடுவில் மகனுக்கென்று இடம் விட்டு விட்டு.

இந்தக் காலத்தில் என் வண்டிக்குத்தான் கிராக்கி. நகராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் என் தள்ளுவண்டி. மேலேயும் தண்ணீர், கீழேயும் தண்ணீர், நடுவில் என் பெட்டி ஒன்றுதான் ஊரிலேயே உலர்ந்த வஸ்து. சண்டையில் விட்ட வார்த்தைகளையெல்லாம் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து தருவார்கள். பெட்டியை ஒரு இழுப்பு இழுத்தால் வாயைத் திறக்காமலே ஆவியாகப் போய்விடும். எந்த வீட்டுச் சொல், எத்தனை பிழிக்குத் தாங்கும் என்று உள்ளங்கையில் வைத்தவுடன் சொல்லிவிடுவேன். அந்தத் தெம்புதான் என்னைக் கவிழ்த்தது.

இப்போது குஞ்சிதபாதத்துக்கு வருகிறேன்.

குஞ்சிதபாதம் எங்கள் தெருவில் ஏழாம் வீடு, பஸ் ஸ்டாண்டில் மைக் பிடிக்கிறவர். "வைத்தீஸ்வரன் கோயில், மாயவரம், குத்தாலம் வழியாகக் கும்பகோணம் செல்லும் பேருந்து" என்று வெண்கலத்தில் தட்டிய மாதிரி ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லுகிற தொண்டை. அவர் பெண்சாதி அமிர்தவல்லி அந்த வருஷம் ஆனி மாசம், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாள். அதிலிருந்து அவரும் மகள் தையல்நாயகியும் ஒரே வீட்டில் இரண்டு விருந்தாளிகள் மாதிரி இருந்தார்கள். அவளுக்குப் பால் சொசைட்டியில் வேலை. அவள் சமைத்து மூடி வைப்பாள், அவர் திறந்து சாப்பிட்டுக் கழுவிக் கவிழ்ப்பார். ஒருத்தர் வாயைத் திறந்தால் இன்னொருத்தர் அழுதுவிடுவாரோ என்கிற பயம் இரண்டு பேருக்கும், அந்தப் பயத்தில் நாலு மாசம் ஓடிவிட்டது.

தெருவில் அத்தனை வீட்டிலும் கொடி அறுகிறது, குஞ்சிதபாதம் வீட்டுக் கொடியில் துணியைத் தவிர ஒன்றுமில்லை. ஜன்னல் வழியாக அந்த மொட்டைக் கொடியைப் பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. துக்க வீட்டுக்குச் சோறு எடுத்துப் போகிற மாதிரி, தட்டில் வைத்துத் துணி மூடி, ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டு எடுத்துக்கொண்டு போனார்கள். "எங்க வீட்ல எக்கச்சக்கமா கெடக்கு, சும்மா ரெண்டு போட்டுக்கங்க, கொடி பாக்க நல்லாருக்கும்," என்றாள் ரஹ்மத்தும்மா. குஞ்சிதபாதம் தெருவில் இறங்கி நின்று கும்பிட்டு, தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இருக்கட்டும் ஆச்சி. அவங்கவங்க வீட்டுதுதான் அவங்கவங்களுக்கு." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

ஐப்பசி கடைசி வாரம். தையல்நாயகியின் குடைக்குக் கம்பி ஒடிந்துவிட்டது. வேலைக்குப் போகிற அவசரத்தில் கதவிடுக்கில் கையை விட்டு, போன வருஷ மழைக்குப் பிறகு யாரும் தொடாத பழைய கறுப்புக் குடை ஒன்றை எடுத்து, கூடத்திலேயே விரித்தாள். துருப்பிடித்த கம்பி கிறீச்சென்றது. உள்ளிருந்து ஒன்று சொத்தென்று தரையில் விழுந்தது. தையல் பார்த்தாள், தொட்டாள், அலறினாள்: "அப்பா!"

நாலு மாசத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் விழுந்த முதல் சொல் அது. அது போய்க் கொடியில் தொங்கிற்று. தெருவே திரண்டு வந்து ஜன்னலில் நின்று அந்த ஒற்றை 'அப்பா'வைப் பார்த்தது. குஞ்சிதபாதம் மட்டும் அதைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்ததைப் பார்த்தார். உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டு, நடுவில் மட்டும் கசகசவென்று ஈரம். போன வருஷ மழை. அந்த ஈரத்தில் அந்த வீட்டில் பேசியவர்கள் மூன்று பேர், குடைக்குப் பக்கத்தில் நின்று பேசியது அமிர்தவல்லிதான்.

அதை அவர் பிழியவில்லை. வாழையிலையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, வெற்றிலையைப் பாதுகாக்கிற மாதிரி மூன்று நாள் வைத்திருந்தார். தெருவுக்கு அடுத்த அதிர்ச்சி இது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பிழிந்து கேட்டு, அழுது, முடித்திருப்பார்கள். இந்த மனுஷன் இலையைத் தொடும்போதெல்லாம் கொள்ளிக்கட்டையைத் தொட்ட மாதிரிக் கையை இழுத்துக்கொண்டார்.

ஐப்பசி முப்பதாம் தேதி மேற்கே ஒரு முழம் வெளுத்தது. வானம் வெளுத்தால் சந்தோஷப்படாத ஒரே தெரு அன்றைக்கு எங்கள் தெருவாகத்தான் இருக்கும். வெயில் வந்தால் எல்லாம் காய்ந்துவிடும். அபயாம்பாள் டீச்சர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்துக் கை கூப்பினார்: "மாயவரத்துல காவேரி முழுக்குக்கு நொண்டிக்கிட்டே வந்து ஒரு நாள் பிந்திப்போன முடவனுக்கு, கார்த்திகை ஒண்ணாம் தேதியும் முழுக்குன்னு ஒரு நாள் நீட்டிக் குடுத்தவந்தானே நீ? நாங்களும் முடவங்கதான். காது மொடம். ஒரே ஒரு நாள் குடு." சொல்லி வாயை மூடவில்லை, அந்த ஒரு முழமும் மறுபடி கறுத்து, பொட்டுப் பொட்டென்று விழ ஆரம்பித்தது. மாயவரத்து முடவன் முழுக்கு எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது என்று தெரு பேசிக்கொண்டது. ஆனால் ஒரு நாள்தான். அதற்கு மேல் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அந்த ஒரு நாளில், கார்த்திகை ஒன்றாம் தேதி மத்தியானம், குஞ்சிதபாதம் நனைந்துகொண்டே என் வண்டிக்கு வந்தார். இலைப்பொட்டலத்தைப் பலகை மேல் வைத்தார்.

"அண்ணே, நீங்க இத பிழிஞ்சு கேளுங்க."

"ஏன்டா, உன் பொண்டாட்டி பேசுனத நான் கேக்கறதா? நல்லாருக்குடா நியாயம்!"

"நல்லதா இருந்தா எங்கிட்ட குடுங்க. கெட்டதா இருந்தா," பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார், "பெட்டிய வெச்சுத் தேச்சுடுங்க. எங்கிட்ட சொல்லாதீங்க."

"அமிர்தம் கெட்டது பேசுவாளா?"

"போன வருசம் கடைசி மழை அன்னிக்கு, டூட்டி முடிஞ்சு நனைஞ்சு வந்தேன். குடைய மடக்கிக் கதவு இடுக்குல போட்டேன். அப்ப எம்பின்னாடி நின்னு என்னமோ சொன்னா. நாள் பூரா மைக்குல கத்திட்டு வந்த எரிச்சல். 'ஒரு நாளாவது வாய மூடிட்டு இரேண்டி'ன்னுட்டேன். அன்னிக்குப் பூரா வாயத் தொறக்கல அண்ணே. சோத்தப் போட்டா, பேசல. மறுநா எல்லாம் சரியாப்போச்சு. ஆனா என்ன சொன்னான்னு நான் கேக்கவே இல்ல. சாபமா குடுத்தாளோ, நான் போனாத்தான் உனக்குத் தெரியும்னு சொன்னாளோ... அப்படித்தான் இருக்கும்ணே. அதான் போயிட்டா."

நான் பொட்டலத்தைப் பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பெரிய வைத்தியன் நாடி பிடிக்கிற மாதிரிக் கண்ணை மூடி, "ரெண்டு பிழிக்குத் தாங்கும். ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. நல்லதாத்தான்டா இருக்கும், வீட்டுக்குப் போ. சாயங்காலம் கொண்டாந்து தர்றேன்," என்றேன். அவர் போனார். தொட்டிச் சுவர் ஓரமாகத் திரும்பி, காதில் வைத்து, மெதுவாகத்தான் பிழிந்தேன்.

"தையல் அப்பா, குடைய ஈரத்தோட மடக்காதீங்க, கம்பி துருப்பிடிச்சிடும். எத்தன தடவ சொல்றது?"

அவ்வளவுதான். அமிர்தவல்லி குரல், அலுப்பும் சிரிப்புமாக. பயந்த மனுஷனின் பாரமெல்லாம் ஒரு குடைக்கம்பிதானா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கையைத் திறந்தேன்.

கையில் ஒன்றுமில்லை.

ஐயா, நான் சின்ன வயசில் ஆற்றில் ஒருதரம் முழுகிப்போய்க் கரையேறியவன், கரண்ட்டு அடித்துத் தூக்கி எறியப்பட்டவன், ஆனால் அந்த வெறுங்கையைப் பார்த்தபோது ஆன மாதிரி எனக்கு எப்போதும் ஆனதில்லை. விரலை விரித்து விரித்துப் பார்த்தேன், பலகையைத் தடவினேன், குனிந்து தண்ணீரில் துழாவினேன். ஒரு வருஷத்துச் சொல்லுக்கு ஒரு பிழிதான் மிச்சம் இருந்திருக்கிறது, அந்த ஒன்றை, அவள் புருஷன் கேட்டிருக்க வேண்டியதை, நான் கேட்டுத் தீர்த்துவிட்டேன். இன்னும் ஒன்று உறைத்தது: அவள் சொன்னபடி அந்த மனுஷன் குடையை விரித்துக் காயவைத்திருந்தால் அந்தச் சொல் மறுநாளே காய்ந்து போயிருக்கும். அவள் பேச்சைக் கேட்காததால்தான் அவள் பேச்சு மிஞ்சியது. மிஞ்சியதை நான் அழித்துவிட்டேன்.

போய் நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். "அமிர்தம் இன்ன வார்த்தை சொன்னா" என்று என் தகரத் தொண்டையில் சொன்னால் அவர் நம்புவாரா? ஆறுதலுக்காகக் கிழவன் புளுகுகிறான் என்பார், ஊரில் எனக்கு அந்தப் பேர் இருக்கிறது, ஏன் என்று தெரியவில்லை. நனைந்த கோழி மாதிரி வீட்டுக்கு ஓடினேன்.

எங்கள் வீட்டுக் கொடியைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை, வெட்கம். என் பெண்சாதி செண்பகவல்லி வாய் ஓயாதவள். எங்கள் கூடத்தில் கொடிக்கு மேல் கொடி, திருவிழாத் தோரணம் மாதிரி. நான் அதன் அடியில் குனிந்து போய்க் குனிந்து வருவேனே தவிர, அத்தனை நாளில் ஒன்றைக்கூடப் பிழிந்து பார்த்ததில்லை. ஊர் வீட்டுச் சொல்லைத் தேய்ப்பவனுக்கு வீட்டுச் சொல்லைக் கேட்கப் பொழுது ஏது. அன்றைக்கு அவள் கொல்லையில் இருந்தாள். கைக்குக் கிடைத்ததை எடுத்து ஓரத்தில் லேசாக அமுக்கினேன். "ஏங்க, தலையைத் துவட்டுங்க." அடுத்தது. "ஏங்க, தலையைத் துவட்டுங்க." அதற்கடுத்தது. ஒரு கொடி முழுக்க, இரண்டாவது கொடி முழுக்க, நான் மழையில் வந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. எனக்குத் தலையில் முடியே கிடையாது ஐயா. நாற்பது வருஷம் துவட்ட ஒன்றுமில்லாத தலையைத் துவட்டச் சொல்லி ஒருத்தி பின்னாலேயே வந்திருக்கிறாள், ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை.

அதில் ஒன்றைத் திருடினேன். ஆமாம், திருடினேன். ஈரச் சொல்லுக்கெல்லாம் ஜலதோஷக் குரல்தானே, யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது என்று அதே வாழையிலையில் சுற்றிக்கொண்டு ஏழாம் வீட்டுக்கு நடந்தேன்.

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், மழை நூலாகப் பெய்துகொண்டிருந்தது. அப்பனும் மகளும் கூடத்தில் இரண்டு சுவரில் சாய்ந்து, டாக்டர் கூப்பிடக் காத்திருக்கிற நோயாளிகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தையல் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள், முடி சொட்டிக்கொண்டிருந்தது.

"நல்லதுதான் குஞ்சிதம். பிழி," என்றேன்.

அவர் இரண்டு கையாலும் வாங்கி, கண்ணை மூடிப் பிழிந்தார்.

"ஏங்க, தலையைத் துவட்டுங்க."

அப்போதுதான் எனக்கு மண்டையில் இடி இறங்கியது. ஏங்க! அமிர்தவல்லி ஜென்மத்தில் அந்த மனுஷனை 'ஏங்க' என்று கூப்பிட்டதில்லை. பெண் பிறந்ததிலிருந்து அவர் அவளுக்குத் 'தையல் அப்பா'தான். தெருவில் நாய்க்குக்கூடத் தெரியும். மத்தியானம்தான் என் காதாலேயே கேட்டேன். குரலை யோசித்தவன் கூப்பிடுகிற முறையை யோசிக்கவில்லையே! தையல் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் இடுப்பு வேட்டி அவிழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது.

குஞ்சிதபாதம் கண்ணைத் திறக்காமலே, "அவதான்," என்றார். "அவளேதான் அண்ணே."

நான் நிற்கவில்லை. வெளியே வந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் தாழ்வாரத்தில் ஒண்டினேன். ஒட்டுக் கேட்டதாக நினைக்காதீர்கள், கால் வரவில்லை.

"அப்பா, அம்மா ஒங்கள ஏங்கன்னு கூப்ட்டதே இல்ல."

"தெரியும்."

"பின்ன ஏன் அவதான்னீங்க?"

"அந்த மனுசன் நடுங்கிட்டு நின்னாரு, பாவம்." வாழையிலையை மடிக்கிற சத்தம் கேட்டது. "யார் வீட்டுதோ. யாரோ ஒருத்தி யாரோ ஒருத்தன்கிட்ட சொன்னது. ஒங்கம்மாவும் இப்படித்தான் ஏதாச்சும் சொல்லிருப்பா, குடையோ, துண்டோ. சாபம் குடுக்கற வாயா அது? எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு." பிறகு குரல் மாறியது. "ஏய், தல சொட்டுது பாரு. இங்க வா. துண்டு எங்க?"

"நானே தொடச்சுக்கறேன்."

"வாடீன்னா. இத்தினியூண்டு இருக்கச்ச நாந்தானே துவட்டுவேன்."

"ஐயோ, மெதுவாப்பா! மைக்கத் தட்டற மாதிரி தட்டாதீங்க!"

நாலு மாசப் பேச்சு பாத்திரம் கவிழ்ந்த மாதிரிக் கொட்டியது, அழுகை, சிரிப்பு, பால் சொசைட்டி, கொழம்பில் உப்பு, எல்லாம். நான் செருப்பை மாட்டினேன். சாயங்கால டூட்டிக்கு நேரமாகிவிட்டது போல, அவர் எழுந்து, விரித்து வைத்திருந்த அந்தக் கறுப்புக் குடையை எடுத்து, ஒரு பழக்கத்தில் கிறீச்சென்று மடக்குகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு குரல்:

"ஐயோ அப்பா, குடைய ஈரத்தோட மடக்காதீங்க, கம்பி துருப்பிடிச்சிடும். எத்தன தடவ சொல்றது?"

நான் தாழ்வாரத்துத் தூணைக் கட்டிக்கொண்டேன். நான் அழித்த சொல். கூப்பிட்ட முறை தவிர ஒரு எழுத்துப் பிசகாமல், அதே அலுப்பு, அதே சிரிப்பு, என் உள்ளங்கையில் தீர்ந்துபோனது அந்தப் பெண்ணின் வாயிலிருந்து உயிரோடு வருகிறது. அந்தச் சொல் மகளுக்குத் தெரிய வழியே இல்லை என்று நினைக்கிறீர்களா? எனக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் மயிர் கூச்செறிந்தது. அப்புறம் யோசித்தால், இருபத்துநாலு மழைக்காலம் அந்தக் கூடத்தில் அதைக் கேட்டு வளர்ந்தவள் அவள். கேட்காதவர் அவர் ஒருத்தர்தான்.

உள்ளே குஞ்சிதபாதம், "இன்னொருதரம் சொல்லு," என்றார்.

நான் இறங்கி வீட்டுக்கு ஓடினேன், அதற்குப் பிறகுதான் மழை நின்றது. தெருவிலிருந்த அத்தனை கொடியும் ஒரு மூச்சு விட்ட மாதிரி ஆடியது, மேற்கு வெயில் ஜன்னல் ஜன்னலாக நுழைந்து வந்தது, எல்லாம் காய்ந்து போயிற்று. கிளிப்புகள் மட்டும் வரிசையாக நின்றன. அன்று மாலை பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் அதிர்ந்துபோனதாகச் சொன்னார்கள். "வைத்தீஸ்வரன் கோயில், மாயவரம், குத்தாலம் வழியாகக் கும்பகோணம் செல்லும் பேருந்து புறப்படத் தயாராக உள்ளது," என்று வெண்கலக் குரல் சொல்லிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, "பயணிகள் தலையைத் துவட்டிக்கொண்டு ஏறவும்," என்றதாம். அத்தனை பேரும் கையை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தார்களாம்.

நம்பாவிட்டால் ஒரு ஐப்பசியில் எங்கள் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு வீட்டிலும் குடை ஒழுங்காக விரியாது. எல்லோரும் வேண்டுமென்றே ஈரத்தோடு மடக்கித்தான் வைக்கிறார்கள். மடக்கும்போது பக்கத்தில் இருக்கிறவர்களை, ஏதாவது சொல்லு, என்ன வேணுமானாலும் சொல்லு என்கிறார்கள். குடை ரிப்பேர்காரனுக்கு இது என்ன ஊர் என்று புரியவே இல்லை.

ஆனால் ஒன்று. இதைச் சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். குஞ்சிதபாதத்துக்காகச் சொல்லவில்லை, அவருக்கு அன்றைக்கே தெரியும். செண்பகத்துக்காகச் சொல்கிறேன். அன்று மழை நிற்பதற்குள் வீட்டுக்கு ஓடிப்போய் நின்றேன், அவள் கொல்லையிலிருந்து வந்து கொடியை ஏற இறங்கப் பார்த்து, "எதுலயோ ஒண்ணு கொறையுதே," என்றாள். "காத்துல போயிருக்கும்," என்றேன். என் மொட்டைத் தலையிலிருந்து தண்ணீர் மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் வாயைத் திறந்தாள். அவள் சொல்வதற்கு முன்னாலேயே நான் கையை நீட்டித் துண்டை வாங்கிக்கொண்டேன், ஆனால் துவட்டவில்லை, அவள் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றேன். இன்றுவரை அப்படித்தான் நிற்கிறேன். ஏன் நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால் சொல்வதை நிறுத்திவிடுவாள். அதனால் யாராவது கேட்டால், தண்ணீர்த் தொட்டிக்கடியில் ஒரு மொட்டைக் கிழவன் என்று சொல்லாதீர்கள். பஸ்ஸில் யாரோ முடி அடர்ந்த ஒரு ஆள் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.